பாதவமைப்பும் பாய்ச்சற்றிறனும்

உயரம் பாய்தல், நீளம் பாய்தல், முப்பாய்ச்சல் ஆகிய போட்டிகளில் உடல் முழுவதும் தொழிற்படுகின்றதாயினும், நிலத்தை உதைத்தெழும் அக்கணத்தில் உடலுக்கும் நிலத்துக்கும் இடைநிற்பது பாதம் ஒன்றே. அப்பாதத்தின் அமைப்புப் பாய்ச்சலை எவ்வளவு நிருணயிக்கின்றது? சப்பாத்தினுள் இடப்படுவதும், கடைகளில் இன்சோல் என்று கேட்டு வாங்கப்படுவதுமான உள்ளட்டை அதனை எவ்வளவு மாற்றவல்லது? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. பாமன்கடை, வெள்ளவத்தைப் பகுதிகளில் வாழும் பெற்றோரிடையேயும் பாடசாலை மைதானங்களிலும் இரு கருத்துகள் வழங்கிவருகின்றன. தட்டைப் பாதமுடைய பிள்ளை பாய்ச்சலுக்கு உதவாது என்பது ஒன்று. விலையுயர்ந்த உள்ளட்டையை இட்டால் அப்பிள்ளை உயரப் பாயும் என்பது மற்றொன்று. முன்னையதால் ஒரு பிள்ளை இல்ல விளையாட்டுப் போட்டியிலேயே ஒதுக்கப்படலாம். பின்னையதால் ஒரு குடும்பத்தின் பணம் வீணாகலாம். ஆதலின், இவற்றின் உண்மையைத் தெளிதல் அவசியமாகின்றது.

முதற்கண் பாதத்தின் இயல்பினை நோக்குவோம். மனிதப் பாதத்தில் 26 என்புகள் உள. அவை தட்டையாக அடுக்கப்படாது, உட்பக்கத்தில் வில்போல் வளைந்து அமைந்துள்ளன. குதியையும் விரலடிகளையும் இணைக்கும் உள்ளங்காற் படலம் இவ்வில்லுக்கு நாணாக அமைகின்றது. பாரம் ஏறும்போது வில் சற்றுத் தாழ்ந்து நாண் இழுபடும். பாரம் நீங்கும்போது அது மீளும். 1987ஆம் ஆண்டில் கெர் என்பாரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் ஏறத்தாழ 17 யூல் சக்தியை இவ்வளைவு சேமித்து மீட்டளிக்கக்கூடும் எனக் கணித்தது. குதிநாண் சேமிக்கும் அளவு இதனிலும் இருமடங்காகும். எனவே, பாதம் ஒரு சுருள்வில் போன்றும் பயன்படுகின்றது எனலாம்.

ஆயினும், சுருள்வில்லின் இயல்பு மட்டும் பாய்ச்சலுக்குப் போதாது. உந்தியெழும் இறுதிக் கணத்தில் பாதம் உறுதியான நெம்புகோலாக மாறுதல் வேண்டும். இம்மாற்றம் நிகழும் வகையை 1954இல் ஹிக்ஸ் என்னும் ஆய்வாளர் விளக்கினார். குதி உயர்ந்து பெருவிரல் மேல்நோக்கி மடியும்போது, உள்ளங்காற் படலம் கிணற்றுக் கப்பியிற் கயிறு சுற்றுவதுபோல் விரலடியைச் சுற்றி இறுகுகின்றது. அவ்விறுக்கத்தால் வளைவு உயர்ந்து பாதம் கெட்டியாகின்றது. இளகுதலும் இறுகுதலும் ஆகிய இவ்விரு நிலைகளும் உரிய நேரத்தில் மாறிமாறி நிகழ்வதிலேயே பாதத்தின் திறன் தங்கியுள்ளது.

இனிப் பாதவகைகளை நோக்குவோம். வளைவு தாழ்ந்து கணுக்கால் உட்புறம் சரிந்திருப்பது தட்டைப் பாதம். வளைவு உயர்ந்து பாரம் வெளிவிளிம்பில் ஏறுவது உயர்வளைவுப் பாதம். இடைப்பட்டது இயல்பான பாதம். வீட்டின் சீமெந்துத் தரையில் ஈரக்காற் சுவடு பதித்தும், வெள்ளவத்தைக் கடற்கரையின் ஈரமணலில் நடந்தும் இவ்வேறுபாட்டை எவரும் காணலாம். எனினும், சுவடு ஒன்றையே கொண்டு முடிவு கூறுதல் தகாது. சிறு பிள்ளைகளின் பாதத்தில் கொழுப்புத் திரட்சி மிகுதியாதலின், சுவடு தட்டையாகவே தோன்றும். 2006இல் றெட்மொன்ட் என்பாரும் பிறரும் செப்பஞ்செய்து வெளியிட்ட பாதநிலைச் சுட்டெண் இதனினும் நுட்பமானது. நிற்கும் ஒருவரின் பாதத்தில் ஆறு அமிசங்களை நோக்கி, ஒவ்வொன்றுக்கும் மறை 2 முதல் நேர் 2 வரை புள்ளி வழங்கிக் கூட்டுவர். மொத்தம் 0 முதல் 5 வரை அமையின் இயல்பானது. 6 அல்லது அதற்கு மேற்படின் உட்சரிவு. பூச்சியத்திற் குறையின் வெளிச்சரிவு. இயல்பு என்பது தனியோர் எண்ணன்று, அகன்றதோர் எல்லை என்பது இதனாற் புலனாகும்.

தட்டைப் பாதம் பாய்ச்சற்றிறனைக் குறைக்கின்றதா? 2009இல் குரோசிய நாட்டு ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று இவ்வினாவுக்கு நேரடியாக விடையிறுக்கின்றது. 11 முதல் 15 வயது வரையான 218 பிள்ளைகளின் பாதவளைவு அளக்கப்பட்டது. விசையளவிப் பலகைமேற் பாய்தல், சமநிலை, கால்களின் விரைவு முதலியன அடங்கிய 17 அளவீடுகளும் பெறப்பட்டன. வளைவு தாழ்ந்த பிள்ளைகள் எந்த அளவீட்டிலும் பின்தங்கவில்லை. பாய்ச்சலின் பெரும்பகுதிச் சக்தி இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றைச் சார்ந்த பெருந்தசைகளிலிருந்தே பிறத்தலின், இம்முடிவு வியப்புக்குரியதன்று. ஆகவே, ஈரச்சுவட்டைக் கண்டு ஒரு பிள்ளையைப் பாய்ச்சற் போட்டியிலிருந்து விலக்குவதற்கு ஆதாரமில்லை.

எம்மவர் வாழ்க்கைமுறையோடு தொடர்புடைய மற்றோர் ஆய்வும் ஈண்டுக் கருதற்பாலது. 1992இல் இந்தியாவில் ராவ், ஜோசப் ஆகிய இருவர் 4 முதல் 13 வயதினரான 2,300 பிள்ளைகளின் காற்சுவடுகளை ஆராய்ந்தனர். காலணி அணியும் பிள்ளைகளுள் 8.6 வீதத்தினரும், அணியாதோருள் 2.8 வீதத்தினருமே தட்டைப் பாதமுடையோராயிருந்தனர். விரல்களை மூடும் சப்பாத்து அணிந்தோரிடத்து இது மிகுதியாயும், செருப்பு அணிந்தோரிடத்துக் குறைவாயும் காணப்பட்டது. ஐந்து வயதிலேயே வெள்ளைச் சப்பாத்தை இறுகக் கட்டிப் பாடசாலைக்குச் செல்லும் எம் பிள்ளைகள், வீட்டிற் காலணியின்றி உலாவும் பழக்கத்தையேனும் இழவாதிருத்தல் நன்று. வாசலிற் செருப்பைக் கழற்றும் எமது வழக்கம் பாதத்தின் சிறுதசைகளுக்குப் பயிற்சியும் ஆகின்றது.

இனி உள்ளட்டைக்கு வருவோம். உள்ளட்டைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. மென்மையான பஞ்சினாலாகி அதிர்ச்சியைத் தணிப்பன ஒரு வகை. வளைவைத் தாங்கும் மேடுடையன இன்னொரு வகை. கரிநார்த்தகடு போன்ற விறைப்பான பொருளாலாவன மூன்றாம் வகை. இவை மூன்றும் பாய்ச்சலில் வெவ்வேறு விளைவு தருவன.

மென்மை பாய்ச்சலுக்கு உதவும் எனப் பலர் கருதுவர். ஆனால், கடற்கரையின் உலர்மணலில் நின்று பாய்ந்து பார்ப்போர் அதன் மறுதலையை உணர்வர். மணல் காலின் உதைப்பை விழுங்கிவிடுகின்றது. உள்ளட்டை மணலளவு இளகாதெனினும், மிக மென்மையானது உதைப்பில் ஒரு பகுதியை வெப்பமாக இழக்கச் செய்யும். தரையிறங்கும்போது இது நன்மை; எழும்பும்போது நன்மையென்று கூறுதல் இயலாது.

வளைவைத் தாங்கும் உள்ளட்டை பற்றி 2019இல் வெளியான ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது. தட்டைப் பாதமுடைய கூடைப்பந்தாட்ட வீரரும் இயல்பான பாதமுடைய வீரரும் அவ்வகை உள்ளட்டையோடு பாய்ந்தனர். நின்ற இடத்திலிருந்து மேல்நோக்கிப் பாய்தலும், முன்னோக்கி நீளம் பாய்தலும் அளக்கப்பட்டன. உள்ளட்டையால் மூட்டுகளின் அசைவிற் சில மாற்றங்கள் நேர்ந்தன. ஆனால், பாய்ச்சலின் அளவு இரு சாராரிடத்தும் கூடவில்லை. காலின் அசைவை மாற்றுதல் வேறு, பாய்ச்சலை உயர்த்துதல் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

விறைப்பான தகட்டின் நிலை சற்று வேறானது. உந்தியெழும்போது விரலடி மூட்டு மடிந்து சக்தியை உள்வாங்குகின்றது. அதில் மீள்வது சிறிதே. கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெபனிஷின், நிக் ஆகியோர் சப்பாத்தினுட் கரிநார்த்தகட்டை இட்டு அம்மடிப்பைக் குறைத்தனர். 2000இல் வெளியான அவ்வாய்வில், செங்குத்துப் பாய்ச்சல் சராசரியாக 1.7 சென்ரிமீற்றர் உயர்ந்தது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர்க்கு இது ஏறத்தாழ 10 யூல் சக்திக்குச் சமம். பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் யாவும் இப்பயனைக் காணவில்லை. சராசரி உயர்ந்தது என்பதனால் ஒவ்வொருவரும் உயர்ந்தனர் என்று கொள்ளுதலும் தவறு. ஒருவர்க்கு ஏற்ற விறைப்பு மற்றொருவரின் கெண்டைக்காலை வருத்தக்கூடும்.

பாதணியால் உயரம் பெறும் முயற்சி புதியதன்று. 1957இல் சோவியத் வீரர் யூரி ஸ்டெபானொவ் உந்துகாலில் தடித்த அடியுடைய சப்பாத்தை அணிந்து 2.16 மீற்றர் பாய்ந்து உலக சாதனையை நாட்டினார். முந்திய சாதனையினும் அது ஒரு சென்ரிமீற்றரே அதிகமாயினும் பெருஞ்சர்ச்சை எழுந்தது. சாதனை நீக்கப்படவில்லை, ஆனால், சப்பாத்தடியின் தடிப்பு 13 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது என உலக மெய்வல்லுநர் சங்கம் விதித்தது. அவ்விதி பன்முறை திருத்தம் பெற்று, 2024 நவம்பர் முதல் பாய்ச்சற் போட்டிகள் அனைத்துக்கும் 20 மில்லிமீற்றர் என வகுக்கப்பட்டுள்ளது. இவ்வளவினுள் உள்ளட்டையின் தடிப்பும் அடங்கும் என்பதைப் பயிற்றுநர்கள் மனங்கொள்ளல் வேண்டும். முன்பாதத்தின் கீழுள்ள அடி, குதியின் கீழுள்ளதனினும் உயர்ந்திருத்தலும் ஆகாது.

ஸ்டெபானொவ் சர்ச்சைக்கு மறு ஆண்டில், 1958இல், தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் யாழ்ப்பாணம் தந்த அமரர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்து, அவ்விழாவில் இலங்கையின் முதலாவது தங்கப்பதக்கத்தை ஈட்டினார். 2004இல் மஞ்சுள குமார 2.27 மீற்றரையும், 2021இல் உஷான் திவங்க 2.30 மீற்றரையும் தாண்டினர். இடையே நிகழ்ந்த 27 சென்ரிமீற்றர் உயர்ச்சியைச் சப்பாத்தின் அடி அளித்துவிடவில்லை. விதி அதற்கு இடங்கொடுக்கவுமில்லை. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் பொஸ்பரி புகழடையச் செய்த முதுகுவழி கடக்கும் முறையும், முதுகில் விழுவதற்கேற்ற மெத்தைகளும், ஒழுங்கான தசைப்பயிற்சியுமே அதன் முதன்மைக் காரணங்களாம்.

அங்ஙனமாயின் உள்ளட்டை பயனற்றதோ எனின், அன்று. அதன் பயன் காத்தலில் உள்ளது. பொஸ்பரி முறையில் வளைபாதையில் ஓடிவந்து உந்துங்கால், உடலெடையிற் பன்மடங்கான விசை உந்துகாலில் இறங்குகின்றது. பாதம் வெளிநோக்கித் திரும்பி ஊன்றப்படின், கணுக்கால் உட்புறம் சரிந்து, உட்பக்க நாண்களும் என்புகளும் இறுக்கமுறும். இத்தகைய சரிவால் நோவு தோன்றுமாயின், தகுதிவாய்ந்த மருத்துவரோ இயன்மருத்துவரோ பாதத்தை நோக்கி அளித்த உள்ளட்டை அந்நோவைத் தணிக்க உதவலாம். நோவு தணிந்தவர் தடையின்றிப் பயிலுவார். பயிற்சியால் உயரம் கூடும். உள்ளட்டை பாய்ச்சலுக்கு உதவும் வழி பெரும்பாலும் இதுவே.

எனவே, ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் நாம் கூறவிழைவன சிலவே. நோவில்லாத தட்டைப் பாதம் நோயன்று. விரல்நுனியில் நிற்கும்போது வளைவு தோன்றுமாயின் அது நெகிழ்வுள்ள பாதமே. நோவு, விறைப்பு, ஒரு காலில் மட்டும் தட்டை ஆகியன காணப்படின் மருத்துவரை நாடுதல் வேண்டும். சப்பாத்து விரல்களை நெருக்காது, குதியை இறுகப் பற்றுவதாய் அமைதல் வேண்டும். குதியை உயர்த்தித் தாழ்த்துதல், ஒற்றைக்காலில் நிற்றல், விரல்களால் தரையிலுள்ள துணியைச் சுருட்டுதல் ஆகிய பயிற்சிகள் செலவற்றவை. பாமன்கடையின் சிறிய மாடிவீட்டிலும் செய்தற்குரியவை. புதிய உள்ளட்டையைப் போட்டி நாளிலன்றிப் பயிற்சிக் காலத்திலேயே சிறிது சிறிதாகப் பழகுதல் வேண்டும்.

பாதத்தின் வடிவம் பிறப்போடும் வளர்ப்போடும் வருவது. பாய்ச்சலின் உயரமோ பெரிதும் பயிற்சியோடு வருவது. ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுக்கும் ஆசிரியர் சுவட்டை நோக்குவதனினும் பாய்ச்சலை நோக்குவாராயின், வாய்ப்பிழந்து மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பிள்ளைகள் சிலரேனும் குறைவர்.