சிறு என்ஜின் வண்டியில் கிளட்ச் ஏன் கருகுகிறது?

உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி நிலங்களில் விளைந்ததைத் தோட்டத்திலிருந்து சாலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே பெரும்பாடு. பதநீர்க் குடமானாலும் முருங்கைக்காய் மூட்டையானாலும் செம்மணலில் கால் புதைய நடக்க வேண்டும். நாலு மூட்டைக்காக டிராக்டரை அழைத்தால் கட்டுப்படியாகாது. பழைய களையெடுக்கும் கருவியிலோ பம்பிலோ இருந்த 5 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின், ஸ்கூட்டர் சக்கரங்கள், கொஞ்சம் இரும்புக் குழாய் இவை கைக்குக் கிடைத்தால், தோட்டத்துக்குள் ஓட ஒரு குட்டி வண்டியை உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம் என்று சிறு விவசாயி நினைப்பதில் வியப்பில்லை.

சட்டம் வெல்டு வைப்பது சுலபம். கைப்பிடியும் இருக்கையும் யாரும் செய்வார்கள். வண்டி உழைக்குமா, ஒரு வாரத்தில் மூலையில் கிடக்குமா என்பதை முடிவு செய்பவை கிளட்சும் செயினும்தான். இரண்டுக்கும் முன்னால் ஒரு பென்சில் கணக்கு இருக்கிறது. அதைப் போடாமல் பல்சக்கரம் வாங்கக் கடைக்குப் போகக் கூடாது.

இந்த மாதிரி வண்டி புதிதல்ல. அமெரிக்காவில் 1960-களில் புல்வெட்டும் எந்திரத்தின் என்ஜினைக் குழாய்ச் சட்டத்தில் பூட்டி, சிறு சக்கரம் போட்டு, வீட்டுக் கொல்லையில் ஓட்டினார்கள். நம் பக்கத்தில் 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டை அறியாத கிராமம் இல்லை. கியர் மாற்ற வேண்டியதில்லை, கிளட்ச் லீவரும் கிடையாது. முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். இரண்டிலும் வேலை செய்தது ஒரே தத்துவம்: தானே பிடித்துத் தானே விடும் கிளட்ச்.

அதன் உள்ளே இருப்பது இவ்வளவுதான். என்ஜின் தண்டோடு சுற்றும் இரண்டு மூன்று கட்டைகள். அவற்றை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங். வெளியே ஒரு டிரம். டிரம்மோடு சேர்ந்த சிறு பல்சக்கரம். என்ஜின் மெதுவாக ஓடும்போது கட்டைகள் அடங்கியிருக்கும். வேகம் கூடும்போது, கயிற்றில் கட்டிச் சுழற்றிய கல் வெளியே இழுப்பதுபோல, அவை விரிந்து டிரம்மைப் பிடிக்கும். பிரேக் கட்டை போன்றதுதான். இது வண்டியை நிறுத்துவதற்குப் பதில் ஓட்டுகிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று. கட்டை வெளியே தள்ளும் விசை, சுழலும் வேகத்தின் இருமடிப்படி கூடும். வேகம் பாதியானால் அந்த விசை பாதியாவதில்லை, காலாகிவிடும். அதிலும் ஒரு பங்கை ஸ்பிரிங் எடுத்துக்கொள்ளும். ஆகவே இந்தக் கிளட்சை என்ஜின் தண்டிலேயே மாட்ட வேண்டும். மெதுவாகச் சுற்றும் இடைத்தண்டில் மாட்டினால் என்ஜின் எவ்வளவு கத்தினாலும் அது பிடிக்காது.

இனிக் கணக்கு. இந்த வகை என்ஜின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,600 சுற்றுக்குக் கவர்னரால் கட்டுப்படுத்தப்பட்டவை. கிளட்ச் ஏறத்தாழ 2,000 சுற்றில் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே டிரம் வழுக்கும். வழுக்கும் நேரமெல்லாம் என்ஜினின் வலு சக்கரத்துக்குப் போகாமல் சூடாக மாறி லைனிங்கைக் கருக்கும்.

இப்போது ஒருவர் பழைய மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை அப்படியே போடுகிறார் என்று கொள்வோம். கிளட்சில் 12 பல், சக்கரத்தில் 42 பல். 42-ஐ 12-ஆல் வகுத்தால் மூன்றரை. டயரோடு சக்கரத்தின் விட்டம் 60 சென்டிமீட்டர் என்றால், ஒரு சுற்றுக்கு வண்டி 1.88 மீட்டர் நகரும். என்ஜின் 2,000 சுற்று ஓடும்போது சக்கரம் 571 சுற்று. அதாவது மணிக்கு 64 கிலோமீட்டர்! அந்த வேகம் வந்தால்தான் இந்தக் கிளட்ச் வழுக்காமல் பிடிக்கும். தேரி மணலில் மூட்டையோடு 64 கிலோமீட்டர் வேகத்தில் யார் போகப் போகிறார்கள்? மனிதன் நடக்கும் வேகத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்க, உள்ளே கட்டைகள் வழுக்கிக் கருகிக்கொண்டிருக்கும். கடைக்காரர் கொடுத்த கிளட்ச் மட்டம் என்று பழி போடுவார்கள். அடுத்த கிளட்சும் அதே வழியில்தான் போகும்.

சிறிய சக்கரம் போட்டால் குறையும். 10 அங்குல ஸ்கூட்டர் சக்கரம் டயரோடு சுமார் 43 சென்டிமீட்டர் விட்டம்; ஒரு சுற்றுக்கு 1.35 மீட்டர். பின்பல்லை 60 ஆக்கினால் ஐந்துக்கு ஒன்று. அப்போதும் 32 கிலோமீட்டர் வருகிறது. கட்டாந்தரையில் ஒற்றை ஆள் விளையாட்டாக ஓட்ட இது போதும். சுமைக்கு ஆகாது.

சுமை வண்டிக்கு வழி, நடுவில் ஓர் இடைத்தண்டு வைப்பதுதான். கிளட்சின் 12 பல்லிலிருந்து இடைத்தண்டின் 48 பல்லுக்கு ஒரு செயின். அதே தண்டின் மறு ஓரத்தில் உள்ள 12 பல்லிலிருந்து சக்கரத்தின் 60 பல்லுக்கு இன்னொரு செயின். முதலில் நாலு, பிறகு ஐந்து. பெருக்கினால் இருபதுக்கு ஒன்று. மேற்சொன்ன ஸ்கூட்டர் சக்கரத்தில் கிளட்ச் மணிக்கு 8 கிலோமீட்டரிலேயே பிடித்துவிடும். மேல்வேகம் 15 கிலோமீட்டருக்குள் அடங்கும். தோட்டத்துக்கு அதற்கு மேல் வேகம் எதற்கு? தம் சக்கரத்துக்குக் கணக்குப் பார்க்க விரும்புவோர் டயரைச் சுற்றி ஒரு கயிற்றைப் பிடித்து அளந்தால் போதும். விட்டம் தேட வேண்டியதில்லை.

இடைத்தண்டின் இரு முனையிலும் பேரிங் வேண்டும். பல்சக்கரங்களைப் பேரிங்கை ஒட்டி வைத்தால் தண்டு வளையாது. இரண்டாவது செயினில் இழுவை முதல் செயினைப் போல நாலு மடங்கு. முதலாவதற்கு மெலிந்த 420 செயின் தாங்கினாலும், இரண்டாவதற்கு அகலமான 428 செயினே ஏற்றது. சைக்கிள் செயின் இரண்டுக்கும் ஆகாது. செயின் எந்த எண்ணோ, பல்சக்கரமும் அதே எண்ணாக இருக்க வேண்டும். இரண்டு செயினுக்கும் கண்ணி நீளம் அரை அங்குலமே ஆனாலும் அகலம் வேறு.

பழைய மோட்டார் சைக்கிளின் கியரோடு கூடிய என்ஜின் கிடைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். முதல் கியரே வேகத்தைக் குறைத்துத் தரும். குஜராத்தில் அம்ரேலி மாவட்டத்து மன்சுக்பாய் ஜகானி 1994-இல் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, இரு சக்கரமும் கருவிச் சட்டமும் பூட்டி, உழவுக்கும் களையெடுப்புக்கும் ஓட்டிக் காட்டினார். 'புல்லட் சாந்தி' என்று அது பெயர் பெற்றது. ஆனால் காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிள் என்ஜின் ஓட்டத்தின் காற்றை நம்பியது. மெதுவாகப் போனால் சூடேறும். பம்ப் என்ஜினுக்குத் தன் விசிறி உண்டு. நின்ற இடத்தில் நாள் முழுதும் ஓடப் பிறந்தது அது.

மாட்டும் முறைக்கு வருவோம். முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும். தண்டின் கீயை உட்கார வைத்து, கிளட்சைத் தள்ளி, முனையில் வாஷரும் போல்ட்டும் போட்டு இறுக்கியபின் டிரம்மைக் கையால் சுற்றிப் பார்க்கவும். தடையின்றிச் சுற்ற வேண்டும். டிரம்மின் நடுப் புஷ்ஷுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் போதும். தாராளமாக விட்டால் அது லைனிங்குக்குப் போய் வழுக்கலை உண்டாக்கும்.

இரு பல்சக்கரங்களும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று நேரான இரும்புப் பட்டையைப் பக்கவாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணளவை நம்பக் கூடாது. ஒரு நூல் விலகினாலும் செயின் பல்லின் ஒரு பக்கத்தைத் தின்னும். சுமையேறியதும் கழன்று விழும். செயினின் கண்ணிகள் இரட்டைப்படையாக இருந்தால் அரைக் கண்ணி போட வேண்டியிராது. அரைக் கண்ணி வலுக் குறைந்தது. செயின் லாக்கின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும்.

செயினை வீணைத் தந்திபோல் இறுக்குவோர் உண்டு. அது பேரிங்கையும் கிளட்ச் புஷ்ஷையும் கெடுக்கும். பல்சக்கர நடுக்களுக்கிடையே 40 சென்டிமீட்டர் தூரம் என்றால், நடுவில் விரலால் அமுக்கும்போது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தொய்வு சரியானது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் இந்த அளவை வைக்கவும். இறுக்க வசதியாக என்ஜின் அடித்தட்டிலும் இடைத்தண்டின் பேரிங் தட்டிலும் நீள்துளை விட்டிருந்தால் பிற்பாடு வெட்டி ஒட்ட வேண்டாம்.

செயினின் வயதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. அரை அங்குலக் கண்ணி 24 சேர்ந்தால் சரியாக ஓர் அடி. செயினை இழுத்துப் பிடித்து 24 கண்ணியை அளந்து, ஓர் அடிக்கு மேல் கால் அங்குலம் வந்தால் அது நூற்றுக்கு இரண்டு பங்கு நீண்டுவிட்டது, மாற்றியாக வேண்டும். தேய்ந்த செயினை விட்டுவைத்தால் பல்சக்கரத்தையும் கூடவே கொண்டுபோகும்.

இந்தக் கரையில் அது விரைவாகவே வரும். முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கடற்கரையில் முத்துக்குளிப்பு 1961-உடன் ஓய்ந்தது. உப்பு ஓயவில்லை. உப்பளக் காற்றுபடும் இடத்தில் இரும்பு ஓரிரவில் சிவக்கும். அதனோடு தேரி மணல் சேர்ந்தால், எண்ணெயில் ஒட்டிய மணல் உப்புத்தாள்போல் அராவிவிடும். எனவே எண்ணெயை மேலே பூசிக் கொழகொழவென்று விடுவது தவறு. வாரம் ஒருமுறை மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்து, கெட்டியான கியர் ஆயிலைக் கண்ணி உருளைகளின் உள்ளே இறங்கும்படி சொட்டுச் சொட்டாக விட்டு, வெளியே உள்ளதைத் துடைத்துவிட வேண்டும். உவர்க்கிணற்று நீரால் வண்டியைக் கழுவினால் உடனே நல்ல நீர் ஊற்றித் துடைப்பது அவசியம்.

ஓட்டும் பழக்கமும் கிளட்சின் ஆயுளைக் கூட்டும், குறைக்கும். மேட்டில் வண்டியை ஆக்ஸிலேட்டரால் நிறுத்திப் பிடிக்கக் கூடாது. அதற்குப் பிரேக் இருக்கிறது. கிளம்பும்போது தயங்காமல் முறுக்கி, கிளட்சைச் சட்டெனப் பிடிக்க விட வேண்டும். இறக்கத்தில் இன்னொரு ஆபத்து: என்ஜின் வேகம் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடும், வண்டி தன் போக்கில் உருளும். ஆகவே சுமைக்கேற்ற பிரேக் இல்லாமல் இந்த வண்டியில் ஏறவே கூடாது. இரண்டு செயினுக்கும் முழுத் தகட்டு மூடி வேண்டும். வேட்டி முனையோ சேலை முந்தானையோ பல்லில் சிக்கினால் என்ஜினை நிறுத்தும் முன் விரல் போய்விடும். கைக்கெட்டும் இடத்தில் நிறுத்தும் சுவிட்ச் வைப்பது பெரிய செலவல்ல.

வண்டி தோட்டத்தின் வரப்போடு நிற்க வேண்டும். பட்டறையில் செய்த இத்தகைய வண்டியைப் பதிவோ காப்பீடோ இன்றிப் பொதுச்சாலையில் ஓட்டுவது குற்றம். கம்பெனி செய்து பதிவான வண்டியைக்கூட அதன் மூல அமைப்பு மாறும்படி திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. சாலையோரத்தில் மூட்டையை இறக்கி, பதிவுள்ள வண்டிக்கு மாற்றி ஏற்றி அனுப்பலாம்.