அண்மையிற் படித்தவை

நம்மவரிடையே புது நூல் ஒன்று வெளிவந்துவிட்டால் அதற்கு நடக்கும் சிறப்பு ஒரு கலியாண வீட்டுக்குக் குறையாது. மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, வெளியீட்டுரை, முதற் பிரதி, சிறப்புப் பிரதி என்று மாலைப் பொழுது கழிந்துவிடும். நூலைப் பற்றிப் பேச வந்தவர் ஆசிரியரின் பாட்டனாரிலிருந்து தொடங்குவார். நூலைத் திறந்தாலும் அதே கதைதான். அணிந்துரை, வாழ்த்துரை, பதிப்புரை ஆகியவற்றைக் கடந்து முதலாம் அத்தியாயத்தை அடைவதற்குள் வாசகனுக்குக் களைப்பு வந்துவிடுகின்றது. இத்தனை பேர் பேசியும், நூல் எங்கே நன்றாயிருக்கின்றது, எங்கே சறுக்குகின்றது என்பதை மட்டும் ஒருவரும் வாய்திறந்து சொல்வதில்லை. சொன்னால் மனம் நோகும் என்ற அச்சம். ஊரும் உறவும் ஒன்றாயிருக்கும் இடத்தில் அந்த அச்சத்தைப் பழிக்கவும் முடியாது.

கீரிமலையிலிருந்து சைக்கிளில் எட்டிவிடக்கூடிய தூரத்தில் உள்ள ஊர் குரும்பசிட்டி. அவ்வூரவரான நா. பொன்னையா அவர்கள்தாம் 1930 இல் 'ஈழகேசரி'யைத் தொடங்கியவர். இரசிகமணி கனக செந்திநாதன் அவர்களும் அவ்வூரவரே. கிடைத்த நூலையெல்லாம் தேடிச் சேர்த்துத் தாமும் படித்து, பிறரையும் படிக்கச் செய்து, 'நடமாடும் நூலகம்' என்று பெயர் பெற்றவர் அவர். 1964 இல் வந்த அவரது 'ஈழத்து இலக்கிய வளர்ச்சி'யிற் பாராட்டே மிகுதி என்று குறை கூறுவாரும் உளர். இருக்கலாம். ஆனால் அவர் படித்துவிட்டே பாராட்டினார். இன்று அதுவே அரிதாகிவிட்டது.

1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது இப்பகுதி வீடுகளின் புத்தக அலுமாரிகள் அப்படியே நின்றுவிட்டன. திரும்பி வந்தவர்களுக்குச் சுவரே மிஞ்சாத இடத்தில் ஏடு எங்கே மிஞ்சும்? அதற்கு முன்பே, 1981 இல், யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்துபோயிற்று. ஆகவே எங்கள் ஊரில் ஒரு பழைய நூல் மீண்டும் கைக்கு வருவது, காணாமற்போன உறவினர் படலையைத் திறந்துகொண்டு வருவது போன்றது. 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தின் வாயிலாக இப்படிப் பலர் திரும்பி வந்திருக்கின்றனர். வந்தவரை வரவேற்பது வேறு, அவர் சொல்வதையெல்லாம் நம்புவது வேறு.

முதலில் 'யாழ்ப்பாண வைபவமாலை'. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், 18 ஆம் நூற்றாண்டில், மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றியது. முதலியார் குல. சபாநாதன் அவர்களின் பதிப்பில் இதனை மீண்டும் படித்தேன். எங்கள் ஊருக்குப் பெயர் வந்த கதை இதில் உண்டு. கீரிமுகம் கொண்ட முனிவர் இத்தீர்த்தத்தில் ஆடி மனிதமுகம் பெற்றார். குன்மநோயும் குதிரைமுகமும் வாய்ந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் இங்கே நீராடி நோயும் குறையும் நீங்கினாள். குதிரைமுகம் விட்ட இடம் மாவிட்டபுரம் ஆயிற்று. சிறுவயதிற் கேட்ட இக்கதையை அச்சிற் காண இனிமையாகவே இருக்கின்றது. புலவரின் உரைநடையும் வளவளவென்று நீளாதது. ஓர் அரசனை நாலு வரியில் ஆளவைத்து நாலு வரியில் இறக்கிவிடுவார்.

ஆனால் இதனைச் சரித்திரம் என்று மாணவர் கையிற் கொடுப்பதற்கு எனக்கு உடன்பாடில்லை. விசயராசன் கீரிமலையிற் கோவில் எடுப்பித்தான் என்பது முதலாக எத்தனையோ செய்திகள் வேறு சான்றின்றி நிற்கின்றன. ஆண்டுக் கணக்குகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. இதனை அஞ்சாது எடுத்துக் காட்டியவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். 1928 இல் வெளிவந்த அவரது 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' அந்த மாலையை ஒவ்வொரு பூவாகப் பிரித்துப் பார்க்கின்றது. அவர் முடிவுகள் யாவும் சரி என்று நான் சொல்லவில்லை. பெயர்களின் ஒலியை வைத்துக்கொண்டு அவர் தாண்டும் சில தாண்டல்கள் எனக்கு மூச்சடைக்கச் செய்கின்றன. எனினும் இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பவனுக்கு ஒன்று விளங்கும்: கதையை நேசிப்பதும் அதனை ஆராய்வதும் ஒரே மனத்தில் இருக்கலாம். கடலோரத்து எங்கள் கேணியில் நன்னீர் ஊறுவது, சுண்ணக்கல்லினூடே மழைநீர் இறங்கி நிலத்தின்கீழ் ஓடிவந்து கரையில் வெளிப்படுவதனால் என்று அறிந்தபின்பும் ஆடி அமாவாசைக்கு அங்கே தீர்த்தமாடாமல் விட்டவர் எவர்?

குதிரைமுகம் நீங்கிய அதே மாவிட்டபுரத்தைப் பற்றி வைபவமாலை சொல்லாத கதை ஒன்று உண்டு. பொது இடத்திற் சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957 இற் சட்டம் வந்துவிட்டது. அதன்பின் பதினொரு ஆண்டு கழிந்து, 1968 இல், கந்தசுவாமி கோவில் வாயிலில், உள்ளே சென்று வழிபட வேண்டும் என்று வந்த மக்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். இங்கு வளர்ந்த எங்களிற் பலருக்கு மாருதப்புரவீகவல்லியைத் தெரியும். அந்த வாயிலில் நின்றவர்களைத் தெரியாது. வீட்டில் அதைப் பேசமாட்டார்கள்.

இதனை எண்ணியவாறே கே. டானியல் அவர்களின் 'பஞ்சமர்' நாவலை எடுத்தேன். 1972 இல் வெளிவந்தது. டானியல் மேடையிலிருந்து பார்த்து எழுதியவர் அல்லர். தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தின் முன்னணியில் நின்றவர். ஆதலால் அவர் காட்டும் தேநீர்க்கடையும் கிணற்றடியும் கோவில் வீதியும் நாம் நாள்தோறும் கடந்துசெல்லும் இடங்களாகவே இருக்கின்றன. எந்த வேலியின் எந்தப் பொட்டால் யார் உள்ளே வரலாம், யார் முற்றத்தோடு நிற்க வேண்டும் என்ற கணக்கையெல்லாம் ஒரு கிராமத்து விதானையாரைக் காட்டிலும் துல்லியமாக அறிந்திருக்கின்றார். உரையாடலில் வரும் யாழ்ப்பாணப் பேச்சு, படிக்கும்போதே காதில் விழுகின்றது.

குறையும் சொல்லத்தான் வேண்டும். நாவல் அடிக்கடி கூட்ட மேடையாகிவிடுகின்றது. பாத்திரம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் அதன் தோளைத் தள்ளிவிட்டு ஒலிவாங்கியைத் தாமே வாங்கிக்கொள்கின்றார். கெட்டவர்கள் முழுக்கக் கெட்டவர்களாயிருப்பதும் நம்பிக்கையைக் குறைக்கின்றது. நான் கண்ட கொடுமைக்காரர்களிற் பலர் வீட்டில் நல்ல தகப்பன்மாராகவும் கோவிலிற் பக்தர்களாகவும் இருந்தவர்கள். அது அதனிலும் பயங்கரம் அல்லவா? அந்தப் பயங்கரத்தை டானியல் தொட்டிருக்கலாம். இருந்தும், கலைநயம் போதாது என்று சொல்லி இந்நூலை ஒதுக்கும் நண்பர்களோடு நான் சேரமாட்டேன். கலைநயம் மிக்க எத்தனையோ நாவல்கள் இந்த வேலியோரமே வராமற் சுற்றிப்போய்விட்டன.

அதே காலத்து அதே நோவை அளவெட்டிக் கவிஞர் மஹாகவி 'தேரும் திங்களும்' என்ற ஒரு சிறு கவிதையில் அடக்கிவிட்டார். மனிதன் சந்திரனை எட்டிய காலத்திலே, தேர்வடம் தொட வந்த ஒருவனுக்கு ஊரில் என்ன நேர்ந்தது என்பது விடயம். குரலை உயர்த்தவில்லை, அதனாலேயே சுடுகின்றது. 'பஞ்சமர்' படித்தவர்கள் இதனையும் படிக்க வேண்டும். மஹாகவியின் 'குறும்பா' (1966) முற்றிலும் வேறு இனம். ஆங்கிலத்தார் லிமரிக் என்று சொல்லும் ஐந்தடி நகைச்சுவைப் பாட்டைத் தமிழ்ச் செய்யுளுக்குள் கொண்டுவந்து, அது இங்கேயே பிறந்ததுபோல் நடமாட விட்டிருக்கின்றார். ஒரே இருப்பிற் படிக்கக்கூடாது; நூறு பலகாரத்தை ஒருங்கே உண்டவன் நிலைதான் வரும். நாளுக்கு இரண்டு மூன்று போதும். அவற்றிற் சில பெண்களைக் கேலிசெய்யும் விதம் இன்று நகைப்பைத் தரவில்லை. என் மருமகள் படித்துவிட்டு, "மாமா, இது பகிடியோ?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானதே.

செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1978 இல் திரைப்படமாகவும் வந்தது. நெடுந்தீவுக் கரையில் பருவத்துக்கு வந்து வாடி அமைக்கும் மீனவரின் கதை. புவியியல் கற்றவர் ஆதலாற் காற்றும் கடலும் மணலும் அவரிடம் பிழைபோவதில்லை. காதற் பகுதிகள் மட்டும் தொடர்கதை வாசகருக்காக அளந்து வைத்தவை போலிருக்கின்றன.

நாவலே படித்துக்கொண்டிருந்தால் மூளைக்கு ஆகாது என்று மாணவர்களுக்குச் சொல்லிவரும் நான், டாக்டர் சாமுவேல் கிறீன் அவர்களின் மருத்துவ நூல்களையும் புரட்டினேன். 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்று பெயர்களைப் பார்த்தாலே அவர் பட்ட பாடு தெரியும்: வடசொல் கிடைத்த இடத்தில் வடசொல், கிடையாத இடத்தில் ஆங்கில ஒலியே. நடை கரடுமுரடு, இன்றைய மாணவன் அகராதியின்றி ஒரு பக்கமும் தாண்டான். ஆனால் உடற்கூற்றை ஆங்கிலம் அறியாத ஒருவனுக்கும் கற்பிக்கலாம் என்று துணிந்து, தம் மாணவரையும் சேர்த்துக்கொண்டு, நூல் நூலாக வெளியிட்டாரே! அவர் 1873 இல் நாடு திரும்பினார். மருத்துவக் கல்வியோ ஆங்கிலத்தில் என்றாகிவிட்டது. தமிழில் விஞ்ஞானம் முடியுமா என்று இன்றைக்கும் மேடையில் விவாதிப்பவர்கள், அந்த நூல்களில் ஒன்றையாவது கையிலெடுத்துப் பார்த்தபின் விவாதிக்கலாம்.

கொக்குவிலிற் பிறந்து கனடாவில் வாழும் அ. முத்துலிங்கம் அவர்களின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' (2008) சிரிக்கச் சிரிக்கப் படிக்கத்தக்கது. எவ்வளவு உண்மை, எவ்வளவு கலப்பு என்பதைத் தலைப்பிலேயே சாமர்த்தியமாக ஒளித்துவிட்டார். ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கச்சிதமான முடிச்சோடு முடிவதுதான் எனக்குச் சலிப்பு. வாழ்க்கை அவ்வளவு ஒழுங்காக முடிச்சுப் போடுவதில்லை.

இறுதியாகத் தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013). வன்னியில் இறுதிப் போரின்போது இடம்விட்டு இடம் ஓடிய மக்களின் கதையை, பேரப்பிள்ளைகளைக் காக்கும் ஒரு மூதாட்டியின் நிலையிலிருந்து சொல்வது. வாக்கியங்கள் சில இடங்களில் அறுந்து தொங்குகின்றன, பெயர்கள் குழம்புகின்றன, பதிப்பாசிரியர் ஒருவர் பொறுமையாக அமர்ந்திருந்தால் எத்தனையோ பக்கங்கள் சீர்பட்டிருக்கும். என்றாலும் போரைப் பற்றிய பல நூல்களில் ஆண்கள் கொள்கை பேசிக்கொண்டிருக்க, இந்த ஆச்சி அடுத்த வேளைக்கு எதை அடுப்பில் வைப்பது என்று எண்ணிக்கொண்டிருக்கின்றாள். 1990 இல் எங்கள் வீட்டுப் பெண்களும் அதைத்தான் எண்ணினார்கள். பெட்டகத்தை விட்டுவிட்டு அரிசிப் பையைத் தூக்கினார்கள். இந்நூலை என் தமக்கையாரிடம் கொடுத்திருக்கின்றேன். பாதிவரை படித்துவிட்டு மூடி வைத்திருக்கின்றார். மிகுதியைப் படிப்பாரோ என்று நான் கேட்கவில்லை.