கருமணல் தந்த வெள்ளை

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், எழுத்தாளர் ஆ. மாதவனின் கதைகளில் வரும் அதே தெருவில், ஒரு டப்பா வெள்ளை பெயின்ட் வாங்குங்கள். அதன் வெண்மைக்குக் காரணம் டைட்டானியம் டை ஆக்சைடு. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, இந்தத் தூளின் ரூட்டைல் வகைக்கு ஏறத்தாழ 2.7. வைரத்தைவிட ஒளியை அதிகம் வளைக்கிறது. நுண்துகள்களாக்கினால் எல்லா நிறங்களையும் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் மெல்லிய பூச்சே பழைய சுவரின் கறையை மறைக்கிறது.

இத்தனை வெள்ளையும் வருவது கன்னங்கரேலென்ற இல்மனைட் மணலிலிருந்து. கதை கயிற்றில் தொடங்குகிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். கேஸ் விளக்கு மேன்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. அதே மணலில் கலந்திருந்த இல்மனைட் அப்போது வெறும் குப்பை! 1920-களில் வெள்ளைத் தூளின் அருமை தெரிந்ததும் அந்தக் குப்பை கப்பலேறியது. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகச் சந்தையில் பெரும்பங்கு திருவிதாங்கூர் மணல்தான். ஆனால் லாபம் மணலில் இல்லை, அதைப் பிரிக்கும் வித்தையில் இருந்தது. வித்தை அயல்நாட்டுக் கம்பெனிகளின் கையில்.

1946-இல் திருவிதாங்கூர் டைட்டானியம் புராடக்ட்ஸ் தொடங்கப்பட்டது அதை மாற்றத்தான். பிரிட்டிஷ் டைட்டன் புராடக்ட்ஸ் நிறுவனம் தொழில்நுட்பம் தந்தது. வேளி கடற்கரையையொட்டி எழுந்த அந்த ஆலையில் இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைப்பார்கள். இரும்பு, இரும்பு சல்பேட்டாகப் பிரியும். எஞ்சிய கரைசலைக் கொதிக்கவைத்தால் டைட்டானியம் வீழ்படிவாக இறங்கும். அதைச் சூளையில் சுட்டால் அனடேஸ் வகை வெள்ளைத் தூள்.

சிக்கலும் இங்கேதான். ஒரு டன் தூளுக்கு அதைவிட அதிக எடையில் அமிலம் செலவாகிறது. பெரும்பகுதி கழிவாகத் திரும்புகிறது. பல ஆண்டுகள் அது வேளிக் கடலில் கலந்தது. மீனவர்கள் குரல் எழுப்பியும் தீர்வு இழுபறியாகவே கிடந்தது. சவறாவில் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கிய கேரளா மினரல்ஸ் ஆலை வேறு வழியில் போனது: அங்கே குளோரின் டைட்டானியத்தைப் பிரிக்கிறது, பிரித்த குளோரினை மீண்டும் பயன்படுத்தலாம். கழிவு குறைவு, தரமும் கூடுதல்.

வேளியில் கழிவைச் சுத்திகரிக்க ஆகும் செலவைத் தூளின் விலையிலேயே சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காமல் விட்ட தொகையை இத்தனை காலம் கட்டியவர்கள் கடலோரக் குடும்பங்கள்தான்.