பாய் விரிப்பதற்கு முன்னால் வாருங்கள்!

இப்படிப் பின்பக்கமாக வாருங்கள்! புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விழாப் பந்தலுக்குப் பின்னால் நிற்கிறோம். முன்பக்கம் நாற்காலி, மைக், பொன்னாடை, கொடியசைப்பு என்று எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். விருந்து இந்தப் பக்கம்தான். என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்கள் பாய்மரப் படகில் காரைக்கால் போய்த் திரும்பப் போகிறார்கள். அதற்கான தட்டுமுட்டுச் சாமான் அத்தனையும் தரையில் பரப்பிக் கிடக்கிறது!

நீலகிரிக்காரர்களான நமக்குப் படகு என்றால் பைக்காரா ஏரிதான். டிக்கெட் எடுத்து, லைஃப் ஜாக்கெட் மாட்டி ஏறினால், ஓட்டுநர் ஸ்பீடு போட்டில் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுவார். குளிருக்கு இதமாகச் சூடான பஜ்ஜி காத்திருக்கும். இங்கே படகில் இன்ஜினே கிடையாது. இழுப்பது, ஓட்டுவது, கழுவுவது எல்லாமே பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள்!

படகைப் பாருங்கள். பெயர் ‘வேலர்’, நீளம் 27 அடி. துடுப்புப் போட ஐந்து பேர், சுக்கான் பிடிக்க ஒருவர். அவருக்குக் ‘காக்ஸன்’ என்று பெயர். விழாவுக்குப் போட வேண்டிய வெள்ளைச் சீருடைகள் மடிப்புக் கலையாமல் கொடிக்கயிற்றில் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றின் கீழே, அவற்றுக்கு உரியவர்கள் நனைந்த டி-ஷர்ட்டோடு படகின் அடிப்பாகத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். சுற்றிலும் தண்ணீர் கேன், பிஸ்கட், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் குவியல், ஜோடி தப்பிய காலுறைகள்.

அந்த மூலையில் ஒரு மாணவி கண்ணை மூடிக்கொண்டு, கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, ‘போலைன்’ முடிச்சுப் போடுகிறாள். தோழி கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்கிறாள். முடிச்சு விழுந்ததும் அங்கே எழும்பிய கூச்சல் பந்தல் வரை கேட்டிருக்கும்! பக்கத்தில் ஒருவன் உள்ளங்கைக் கொப்புளங்களுக்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டே கேட்கிறான்: “வாந்தி வந்தா எந்தப் பக்கம்டா எடுக்கணும்?” பதில் பட்டென்று வருகிறது: “காத்து போற பக்கம்! எதிர்ப்பக்கம் எடுத்தா உன் மூஞ்சிக்கே திரும்பி வரும்.” சிரித்துச் சிரித்து ஒருவனுக்கு விக்கல்.

ஒத்திகை தொடங்கிவிட்டது! “கிவ் வே டுகெதர்!” ஐந்து துடுப்பும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட வேண்டும். நான்குதான் தொடுகின்றன, ஐந்தாவது முந்திக்கொண்டு முன்னால் இருப்பவன் முதுகில் இடிக்கிறது. கடற்படைப் பயிற்றுநர் திட்டவில்லை. ‘ஒன், டூ’ என்று எண்ணிக்கொண்டே இருக்கிறார். கொஞ்ச நேரத்தில் துடுப்புகள் தறிக்கட்டைபோல் ஒரே தாளத்தில் விழத் தொடங்குகின்றன. முந்திக்கொண்ட பையன் முகத்தைப் பாருங்கள், காது வரை சிரிப்பு! 1948-ல் தொடங்கிய என்.சி.சி.யில் கடற்படைப் பிரிவு 1952-ல் வந்து சேர்ந்தது. ‘ஒற்றுமையும் ஒழுக்கமும்’ என்ற என்.சி.சி. முழக்கம் சுவரில் எழுதியிருப்பதைப் பலமுறை படித்திருக்கிறேன். ஐந்து முதுகுகள் சேர்ந்து சாய்வதைப் பார்த்தபோதுதான் அது என் மனசில் இறங்கியது.

வலை பின்னிக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர் தலை நிமிர்கிறார். “சோழகம் ஏறுனா எதிர்க்காத்து. பாத்துப் போங்க தம்பி.” சோழகம் என்றால் தென்காற்று. தெற்கே போகிற பாய்மரப் படகு அதை நேருக்கு நேர் முட்ட முடியாது; கொஞ்சம் இடதாக, கொஞ்சம் வலதாக, வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறும். பிள்ளைகளும் குனிந்து, வழுக்கி, ஒருவர் காலை ஒருவர் மிதித்து இடம் மாறுவார்கள். கரையிலிருந்து பார்ப்பவருக்கு வெள்ளைப் பாய் மட்டும்தான் தெரியும்!

வழியில் கடலூர், பரங்கிப்பேட்டை, பூம்புகார், தரங்கம்பாடி. போக வரச் சுமார் 300 கிலோமீட்டர். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, காரைக்காலில் அரசலாறு என்று முகத்துவாரங்கள் வேறு. ஆற்று நீரும் அலையும் முட்டிக்கொள்ளும் இடத்தில் பாயை நம்ப முடியாது, துடுப்புதான் துணை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் எழுப்பத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. முன்பு கப்பலேறி வந்தவர்கள் பார்த்த அதே கோணத்தில் இந்தப் பிள்ளைகளும் அதைப் பார்ப்பார்கள். நினைத்தாலே பொறாமையாக இருக்கிறது!

கரையேறினால் ஓய்வு என்று நினைத்தீர்களா? படகைக் கழுவி, பாயை உலர்த்தி, கயிற்றைச் சுருட்டி வைத்த பிறகுதான் சோற்றுத் தட்டு. கடற்கரையைச் சுத்தம் செய்வதும் தெருமுனை நாடகம் போடுவதும் பயணத்தில் சேர்த்தி. அதற்கப்புறம் போனுக்கு வரிசை. ஒவ்வொரு அம்மாவும் கேட்கும் முதல் கேள்வி “சாப்பிட்டியா?” உப்பில் வெடித்த உதட்டோடு எல்லாரும் சொல்லும் பதில் “சூப்பரா இருக்கும்மா!”

அடுத்த பயணத்துக்குக் கொடியசைக்கும்போது நீங்களும் போங்கள். உங்கள் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். மேடைக்கு எதிரே இடம் தேடாதீர்கள், நேராகப் படகுத்துறைக்கு நடந்து, கயிறு சுருட்டுகிற பிள்ளையிடம் “இது என்ன முடிச்சு?” என்று கேளுங்கள். அவள் உங்கள் கையில் கயிற்றைக் கொடுத்து, நீங்கள் சரியாகப் போடும் வரை விடமாட்டாள்!