கரவன் தளத்துக் குளியலறை: துடைத்தால் போதுமா?

2021 ஏப்ரல் 12ஆம் திகதி, திங்கட்கிழமை, கோவிட் முடக்கத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் கரவன் தளங்களும் கூடார முகாம்களும் திறந்தன. இரண்டு நாள் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு. பாடசாலைகளும் ஈஸ்டர் விடுமுறையில். லண்டனின் ஹரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கமிருந்து வந்த கடிதங்களைப் பார்த்தால், பலர் இடம் பதிந்துவிட்டு, பதிந்தது சட்டப்படி சரிதானா என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். ஹோட்டல்கள் குறைந்தது மே 17 வரை மூடியிருக்க, முன்பின் அறியாத குடும்பங்கள் ஒரே குளியலறைக்குள் மாறி மாறிப் போகும் கரவன் தளம் மட்டும் எப்படித் திறக்கலாம்? கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இதுதான். நியாயமான கேள்வி.

சட்டம் அப்போது போட்ட கணக்கு இப்படி. முடக்கத்தைப் படிப்படியாகத் தளர்த்தும் அரசுத் திட்டத்தின் இரண்டாம் படியில் தனித்தியங்கும் தங்குமிடங்களுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. சமையலறை, படுக்கையறை, குளியலறை எதையும் இன்னொரு வீட்டாருடன் பகிரக்கூடாது. உள்நடை, படிக்கட்டு, மின்தூக்கி கூடப் பொதுவாக இருக்கக்கூடாது என்றது சட்டம். ஹோட்டல்கள் அடிபட்டது இங்கேதான். கரவன் தளங்களுக்கும் முகாம்களுக்கும் மட்டும் நான்கு விலக்குகள் கொடுத்தார்கள்: கழுவும் வசதி, மலசலகூடம், தண்ணீர்க் குழாய், கழிவு கொட்டும் இடம். விருந்தினர் இந்த நான்கைத் தவிர வேறெதையும் பகிரவில்லை என்றால் தளத்தைத் திறக்க முடிந்தது.

அதாவது, இருபது விநாடியில் நடந்து கடக்கும் ஹோட்டல் உள்நடைக்குத் தடை. முகக்கவசமில்லாமல் பத்து நிமிடம் நின்று குளிக்கும் பொது அறைக்கு அனுமதி. இந்த விலக்கு மருத்துவக் காரணத்தால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மலசலகூடம் இல்லாமல் கூடார முகாம் நடத்த முடியாது. பூட்டி வைத்தால் ஆட்கள் வேலியோரம் ஒதுங்குவார்கள். அது உண்மையான தேவை. தேவை என்றே அரசு சொல்லியிருந்தால் எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

அதற்கு முந்தைய கோடையை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்து 2020 ஜூலை 4ஆம் திகதி பொதுக் குளியலறைகளோடு சேர்த்தே தளங்களைத் திறந்தது. ஸ்கொட்லாந்து ஜூலை 3ஆம் திகதி தனி வசதி உள்ளவற்றைத் திறந்து, பொது வசதிகளுக்கு ஜூலை 15 வரை பொறுத்தது. வேல்ஸ் ஜூலை 11, ஜூலை 25 என்று இரண்டு கட்டமாகப் போனது. கிருமி ஒன்று, காலம் ஒன்று, தீவும் ஒன்று. மூன்று அரசுகள் ஒரே குளியலறையை மூன்று விதமாக எடை போட்டன என்றால், அந்தத் தராசில் மருத்துவம் மட்டும் இருக்கவில்லை.

தளங்களின் வாசலிலும் இணையப் பக்கங்களிலும் ‘வீ ஆர் குட் டு கோ’ என்ற முத்திரையை அப்போது பார்த்திருப்பீர்கள். அதைப் பரிசோதகர் வந்து பார்த்துக் கொடுத்த சான்றிதழ் என்று சிலர் எழுதியிருந்தார்கள். உரிமையாளர் தானே இணையத்தில் கேள்விப் பட்டியலை நிரப்பி, விதிகளைப் படித்தேன், ஏற்பாடு செய்தேன் என்று உறுதி சொல்லிப் பெற்ற முத்திரை அது. நேர்மையாக நிரப்பியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆனாலும் குளியலறை யன்னல் திறக்கிறதா என்பதை அந்த முத்திரை உங்களுக்குச் சொல்லவில்லை.

தளங்களைத் திறந்த இந்த ஏற்பாட்டில் என்னை உண்மையாகவே கவர்ந்த ஒன்று உண்டு. பொதுக் குளியலறைகளை நடத்த அன்றைய அரசு வழிகாட்டி காட்டிய முறை: ஒரு வீட்டார் குறித்த நேரத்துக்கு அறையை முழுதாகப் பதிந்துகொள்வார்கள், அவர்கள் போனதும் துப்புரவு செய்யப்படும், அதன் பிறகே அடுத்த வீட்டார். அல்லது ஓர் அறையை ஒரே வீட்டாருக்கு என்று ஒதுக்கிவிடலாம். பொது அறையைக் கடிகாரத்தால் துண்டு போட்டுத் தனியறை ஆக்கினார்கள். புதிதாக எதையும் கட்டாமல், ஒரு பதிவேட்டை மட்டும் வைத்து ஆள் ஆளைச் சந்திப்பதைத் தடுத்துவிடலாம். கெட்டிக்காரத்தனமான யோசனை.

ஆனால் இந்த முறை வேலை செய்வதும் செய்யாததும் இரண்டு வீட்டாருக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் தங்கியிருக்கிறது. அந்த இடைவெளியில் என்ன நடந்தது? பெரும்பாலும் துடைத்தார்கள். கைபிடி, குழாய், தாழ்ப்பாள், தரை. 2021 ஏப்ரல் 5ஆம் திகதி, அப்போதைய பிரதமர் ஜோன்சன் இரண்டாம் படியை உறுதிசெய்த அதே நாளில், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் மேற்பரப்புகள் பற்றிய தன் குறிப்பைப் புதுப்பித்தது. கிருமி படிந்த ஒரு மேற்பரப்பை ஒரு தடவை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பதினாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றது அது. இங்கேயும் கை, முகம், இடைவெளி என்று 2020 செப்டெம்பரிலிருந்து சொல்லிவந்த அரசு, அந்த வரிசையில் நல்ல காற்றைச் சேர்த்தது 2021 மார்ச் 29ஆம் திகதிதான். துடைப்பதை விடச்சொல்லவில்லை. துடைத்துவிட்டோம், பாதுகாப்பு என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

காற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மருத்துவமனை அறைகளுக்காக அதே அமெரிக்க மையம் நெடுநாளாக ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அறையின் காற்று மணிக்கு 12 தடவை மாறினால், காற்றில் மிதக்கும் நுண்துளிகளில் 99 வீதம் வெளியேற 23 நிமிடம் வேண்டும். 6 தடவை மாறினால் 46 நிமிடம். 2 தடவைதான் மாறுகிறது என்றால் 138 நிமிடம். இப்போது துப்புரவுக்குக் கால் மணி நேரம் விடும் ஒரு தளத்தை எடுங்கள். மணிக்கு 6 தடவை காற்று மாறும் அறையில், கால் மணி கழித்தும் முன்னவர் விட்டுப்போனதில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் நிற்கும். 2 தடவை மாறும் அறையில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். இரண்டு அறையிலும் கைபிடி ஒரேமாதிரித்தான் பளபளக்கும்.

இன்னொரு சிக்கல் கட்டடத்திலேயே இருக்கிறது. பழைய தளங்களின் குளியல் கட்டடத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும்: ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சின்னச் சின்னத் தடுப்பறைகள். தடுப்புப் பலகை கூரையைத் தொடாது. கீழேயும் ஒரு சாண் இடைவெளி இருக்கும். பக்கத்துத் தடுப்பில் ஊற்றும் சவர்க்காரத்தின் வாசம் உங்களிடம் வருகிறது என்றால், அங்கே இருமுபவரின் மூச்சும் வரும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தடுப்பறையை உங்கள் பெயரில் பதிந்துகொண்டாலும் தாழ்ப்பாள்தான் உங்களுடையது, காற்று எல்லோருடையது. வெளியே தனிக்கதவு வைத்து, நான்கு பக்கமும் சுவர் எழுப்பிய குடும்ப அறைகளில்தான் பதிவு முறைக்கு அர்த்தம் உண்டு.

ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் கண்ணாடியைப் பாருங்கள். ஆவி படிந்து மங்கலாக இருந்தால் முன்னவரின் ஈரக்காற்று இன்னும் வெளியேறவில்லை. கதவைத் திறந்து விட்டுவிட்டு வெளியே வந்து நில்லுங்கள்.

குளியலறைக் காற்றைப் பற்றி இவ்வளவு கவலை தேவையா என்று கேட்பவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் ஹொங்கொங்கை நினைவூட்ட வேண்டும். அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் 300க்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் தொற்றியது. குளியலறைத் தரைக் குழாய்களில் யு வடிவ வளைவு ஒன்று இருக்கும். அதில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் கழிவுக் குழாயின் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கிறது. அங்கே பல வீடுகளில் அந்தத் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. காற்றை வெளியேற்ற வைத்த விசிறியைப் போட்டதும், அது கழிவுக் குழாயிலிருந்து நுண்துளிகளை அறைக்குள் இழுத்தது என்பது விசாரணையில் வந்த முடிவு. நம் தளங்களும் 2021 ஜனவரி தொடக்கத்திலிருந்து பூட்டிக் கிடந்தவை. மூன்று மாதம் தண்ணீர் ஓடாத தரைக் குழாய் வற்றிப்போயிருக்கக்கூடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தீரும் பிரச்சினை. ஊற்றினார்களா என்று கேட்கத்தான் வேண்டும்.

பூட்டிக் கிடந்த குழாய்களில் கோவிட்டோடு சம்பந்தமில்லாத ஓர் ஆபத்தும் உண்டு. 20 பாகைக்கும் 45 பாகைக்கும் இடையில் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும். சவரிலிருந்து தெறிக்கும் நுண்திவலையைச் சுவாசித்தால் கடும் நிமோனியா வரலாம். 1976இல் பிலடெல்பியாவில் கூட்டத்துக்கு வந்த முன்னாள் படைவீரர்களைக் கொன்றது இதுதான். முதியவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். சுடுநீர்த் தாங்கி 60 பாகையில் இருக்க வேண்டும், பாவிக்காத சவர்களைக் கிழமைக்கு ஒரு தடவையாவது ஓடவிட வேண்டும். இதைச் செய்வது உரிமையாளரின் சட்டக் கடமை. கேட்பது உங்கள் உரிமை.

ஆகவே அன்று நான் சொன்ன பதில்: தளத்துக்குத் தொலைபேசி எடுங்கள். குளியலறை தனிச் சுவரா, தடுப்புப் பலகையா? யன்னல் திறக்குமா, விசிறி ஓடுமா? இரண்டு பேருக்கு நடுவே எத்தனை நிமிடம்? மூன்று மாதத்துக்குப் பிறகு குழாய்களை ஓடவிட்டீர்களா? எல்லாக் கேள்விக்கும் எந்தக் கிருமிநாசினி பாவிக்கிறோம் என்பதே பதிலாக வந்தால், சொந்தக் குளியலறை உள்ள வாகனத்தைத் தேடுங்கள், அல்லது இரண்டு நாளைக்கு உடம்பு துடைத்துச் சமாளியுங்கள். மலசலகூடத்தைத் தவிர்க்க முடியாது. ஆனால் அங்கே முகக்கவசத்தைக் கழற்றத் தேவையில்லை, மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் இழுக்கலாம், இரண்டு நிமிடத்தில் வெளியே வரலாம்.

கரவனே வீடாக வாழ்பவர்களை இந்தப் பேச்சு முழுதும் மறந்துவிட்டது. தளங்களை மூடியபோதும் நிரந்தரமாக வாழ்பவர்களுக்கு விலக்கு இருந்தது. ஆனால் பொதுக் குளியலறையை நம்பியிருக்கும் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத் தொற்று வந்தால் எப்படித் தனிமைப்படுவது? விடுமுறைக்காரர் வீட்டுக்குத் திரும்பலாம். இவர்களுக்குத் திரும்ப வேறு வீடு இல்லை.

2021 ஏப்ரலில் வந்த மற்றக் கேள்விகளும், அன்றைய விதிப்படி நான் சொன்ன பதில்களும்.

அம்மம்மாவைக் கூட்டிப் போகலாமா? ஒரே வீட்டில் இருந்தால், அல்லது உங்கள் ஆதரவுக் குமிழியில் (சட்டம் உங்கள் வீட்டோடு ஒன்றாகக் கணக்கிடும் இன்னொரு வீட்டில்) இருந்தால் மட்டும்.

இரண்டு குடும்பம், பக்கத்துப் பக்கத்து கரவன்? வெளியே ஆறு பேர் அல்லது இரண்டு வீட்டார் கூடலாம். ஒருவரின் கரவனுக்குள் மற்றவர் போகக்கூடாது, மழை பெய்தாலும்.

தடுப்பூசி போட்டாகிவிட்டதே? சட்டம் உங்களுக்கும் அதேதான்.

வருடப்பிறப்புக்கு மருத்துநீர் வைத்து முழுகுவது? வீட்டில் முழுகிவிட்டுப் புறப்படுங்கள். விடியப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பதுதான் மிக மோசம்.

கசெற் மலசலகூடத்தைக் கொட்டுவது? கையுறை போட்டு, தெறிக்காமல் மெதுவாக, ஆள் இல்லாத நேரத்தில்.

வேல்ஸ்? வாகனத்திலேயே குளியலறையும் மலசலகூடமும் இருந்தால் ஏப்ரல் 12ஆம் திகதி முதல் போகலாம்.

ஸ்கொட்லாந்து? ஏப்ரல் 26ஆம் திகதி முதல்.

போன இடத்தில் காய்ச்சல், தொடர் இருமல், மணம் சுவை இழப்பு வந்தால்? பொதுக் குளியலறைப் பக்கம் போகாதீர்கள். தளப் பொறுப்பாளருக்கு உடனே சொல்லுங்கள், கோவிட் பரிசோதனைக்கு அன்று இருந்த 119 எண்ணை அழைத்துப் பதியுங்கள், பயணம் செய்யும் நிலையில் இருந்தால் வழியில் எங்கும் இறங்காமல் வீட்டுக்குத் திரும்புங்கள்.