வீடு வாங்குவோரும் வெள்ள அபாயமும்

நடுத்தரக் குடும்பம் ஒன்றின் வாழ்நாள் சேமிப்பில் பெரும்பகுதி வீட்டிலேயே முடங்குகிறது. வாங்கு முன் பத்திரமும் வில்லங்கச் சான்றிதழும் பலமுறை சரிபார்க்கப்படுகின்றன. ஆனால், அந்த இடத்தில் வெள்ளம் எவ்வளவு உயரம் வரக்கூடும் என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை.

நம் நாட்டில் 4 கோடி ஹெக்டேர் நிலம் வெள்ள அபாயத்திற்கு உட்பட்டது என்று தேசிய வெள்ள ஆணையம் 1980-ல் மதிப்பிட்டது. இது மொத்தப் பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகும். ஆற்றங்கரை ஊர்களோடு அபாயம் நின்றுவிடுவதில்லை. 2005 ஜூலை 26-ல் மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. 2022-ல் பெங்களூரின் புதிய குடியிருப்புகள் பலவற்றில் நீர் புகுந்தது. ஏரிகளையும் கால்வாய்களையும் நெருக்கி நகரம் வளரும்போது, வடிய வழியற்ற மழைநீர் வீடுகளை நாடுகிறது.

அபாயத்தை அளவிடல்

"நூறாண்டு வெள்ளம்" என்பது நூறு ஆண்டுக்கு ஒரு முறை தவறாது வருவதன்று. எந்த ஓர் ஆண்டிலும் அது நிகழ 1 சதவிகித வாய்ப்பு உண்டு என்பதே பொருள். இருபது ஆண்டுத் தவணையில் வீட்டுக் கடன் பெறுபவர், அக்காலத்திற்குள் அதனைச் சந்திக்க 18 சதவிகித வாய்ப்பு உள்ளது. இருபத்தைந்தாண்டு வெள்ளமாயின் இந்த வாய்ப்பு 56 சதவிகிதமாக உயர்கிறது.

இக்கணக்கு முக்கியமானது. மத்திய நீர் ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளின்படி, முக்கியத் தொழிற்கூடங்கள் நூறாண்டு வெள்ள மட்டத்திற்கு மேல் அமைய வேண்டும். குடியிருப்புகளுக்கோ இருபத்தைந்தாண்டு வெள்ள மட்டமே அளவுகோலாகும். எனவே, அந்த மட்டத்திலேயே கட்டப்பட்ட வீட்டினுள், கடன் தீருமுன் ஒருமுறையேனும் நீர் புகுவதற்கே வாய்ப்பு அதிகம்.

சட்டத்தின் நிலை

வெள்ளச் சமவெளிகளை மண்டலங்களாகப் பிரித்துக் கட்டடங்களை முறைப்படுத்துவதற்கான மாதிரி மசோதாவை மத்திய அரசு 1975-ல் மாநிலங்களுக்கு அனுப்பியது. நிலம் மாநிலப் பட்டியலில் அடங்குவதால், சட்டமியற்றும் பொறுப்பு மாநிலங்களுடையது. மணிப்பூர் (1978), ராஜஸ்தான் (1990), உத்தராகண்ட் (2012) போன்ற சில மாநிலங்களே சட்டமியற்றின. ஆகவே பெரும்பாலான இடங்களில் விசாரிக்கும் கடமை வாங்குபவரையே சார்கிறது. பழைய கிராம வரைபடத்தில் அவ்விடம் ஏரியாகவோ ஓடையாகவோ குறிக்கப்பட்டுள்ளதா, சாலையைவிடத் தரைமட்டம் எவ்வளவு உயரம், கடந்த வெள்ளத்தில் அண்டை வீடுகளில் நீர் எதுவரை நின்றது என்பவற்றை அறிதல் வேண்டும்.

காப்பீட்டின் பங்கு

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஏற்பாட்டில் 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற பொதுப் பாலிசி தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம் ஆகியவற்றால் வீட்டுக்கு நேரும் சேதத்தை ஈடுசெய்கிறது. காப்புத் தொகை, வீட்டின் பரப்பையும் கட்டுமானச் செலவையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. நிலத்தின் விலை அதில் சேராது. வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடக் காப்புத் தொகையில் 20 சதவிகிதம், 10 லட்சம் ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டு, தானாகவே கிடைக்கிறது. நகைகளுக்குத் தனிக் காப்பு தேவை. கடன் பாக்கியின் அளவுக்கு மட்டுமே காப்பீடு செய்தால் கடன் கொடுத்தவர் பாதுகாக்கப்படுவார். வீட்டை மீண்டும் கட்டும் செலவு முழுவதும் கிட்டாது.

காப்பீடு இழப்பை ஈடுசெய்யுமேயன்றி, நீரின் மட்டத்தைக் குறைக்காது. தாழ்ந்த நிலத்தில் வீடுகள் பெருகுமாயின் பிரீமியமும் நிவாரணச் செலவும் சேர்ந்தே பெருகும். உள்ளாட்சி மன்றங்கள் வெள்ள மட்ட வரைபடங்களை வெளியிடுவதும், கடன் வழங்கும் வங்கிகள் பத்திரத்தைப் போலவே அவற்றையும் கேட்டுப் பெறுவதும் வழக்கமாக வேண்டும். வெள்ளம் வந்தபின் அளிக்கும் நிவாரணத்தைவிட, வீடு வாங்குமுன் அளிக்கும் தகவல் செலவு குறைந்தது.