கோடை விடுமுறையில் ஓர் இசைப் பயிற்சி

இங்கிலாந்தில் பதினாறு வயதுப் பிள்ளைகளின் பரீட்சைகள் யூன் மாதத்துடன் நிறைவுறுகின்றன. உயர்தர வகுப்போ செப்ரெம்பரிலேயே தொடங்கும். இசையைப் பாடமாகத் தெரிவு செய்த எம்மவர் பிள்ளைகளுக்கு இடைப்பட்ட இக்கோடை பெறுமதி மிக்கது.

கர்நாடக இசை பயின்ற பிள்ளை வெறுங்கையுடன் அவ்வகுப்பில் நுழைவதில்லை. மேற்கத்தேயரின் மேஜர் சுரவரிசை எமது 29ஆம் மேளமாகிய தீரசங்கராபரணமே. ஹார்மோனிக் மைனர், 21ஆம் மேளமாகிய கீரவாணியே. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுக்களுக்குச் சாகித்தியம் இயற்றியதையும் நாம் அறிவோம். ஆகவே செவி ஆயத்தமாகவே உள்ளது. பழக வேண்டியது கண்.

ஐந்து கோடுகளில் எழுதப்பட்ட இசையை நாள்தோறும் அரைமணி நேரமாவது பார்த்துப் பாடுதல் வேண்டும். அடுத்தது, நான்கு குரல்கள் வெவ்வேறு சுரங்களில் ஒருங்கே ஒலிக்கும் முறை. எமது மரபில் இஃது இல்லை. ஜேர்மானியரான பாக் அவ்வாறு அமைத்த தேவாலயப் பாடல்களை ஏட்டைப் பார்த்தவாறு கேட்டு, அடிக்குரலை மட்டும் தனித்துப் பாடிப் பழகலாம். கேட்டு ஆராயும் பகுதிக்கே நூற்றுக்கு 40 புள்ளிகள் உரியன.

இசை சோறு போடுமா என்று பெற்றோர் தயங்குவது இயல்பே. ஆயினும், ஊரைவிட்டு வெளியேறியபோது எவராலும் பறிக்க முடியாமல் நாம் கொண்டுவந்த முதுசம் பாட்டு. அம்மாவின் தாலாட்டை அந்த ஐந்து கோடுகளில் பிள்ளை எழுதிப் பார்க்கட்டும். அதனினும் நல்ல கோடைப் பயிற்சி வேறில்லை.